ஒன்றாம் விரல்

விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்ற நம்பிக்கை தமிழ் பேசும் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இது தவறு. காய்கறிக் கணக்குப் பார்ப்பவர்கள், தாளம் போடுகிறவர்கள், கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்கப்பட்ட மாமன்மார்கள் எல்லோரும் இந்தத் தவறைச் செய்கிறார்கள். செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்கிறார்கள். அவர்கள் கணக்கில் கட்டைவிரல் எண்ணுகிற விரலே தவிர எண்ணப்படுகிற விரல் அல்ல. மற்ற நான்கையும் தொட்டுத் தொட்டு வந்து, கடைசியில் வேறு ஆள் இல்லாமல் போனால் தன்னையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். பியானோவில் இந்தச் சமாளிப்பு நடக்காது. அங்கே கட்டைவிரல்தான் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து, அப்பீல் கிடையாது. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக வீட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஹெப்சிபா, எந்தப் பிள்ளை வந்தாலும் முதல் வேலையாக அதன் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டி, "இவருதான் ஒண்ணு. இவருக்குத்தான் முதல் மரியாத" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பாள். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்த விஷயம் அவளுடைய புருஷனுக்கு மட்டும் தெரியாது. தெரியாது என்றுதான் இன்று மத்தியானம் அப்பளம் பொரிக்கிற வரைக்கும் அவள் நினைத்திருந்தாள்.

நடந்தது என்று பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. அருமைநாயகம் கை கழுவிவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். சோறு ஆறுகிற நேரத்தில் அவருடைய ஈரமான வலது கை, திராட்சைக் குலை படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பின் மேல் தட்டத் தொடங்கியது. மனிதர்கள் மேஜையைத் தட்டுவது சகஜம். ஆனால் வாசிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தட்டுவார்கள்: சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி விரலுக்கு, குதிரை ஓடுகிற சத்தத்தில், கட்டைவிரல் மேஜை விளிம்பில் சும்மா கிடக்கும். அவர் கை அப்படித் தட்டவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். பிறகு கட்டைவிரல் மற்ற இரண்டுக்கும் அடியில் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போய் நின்றது. அது நின்ற இடத்திலிருந்து கை முழுவதும் வலப்பக்கம் நகர்ந்தது. பிளாஸ்டிக்கில் ஈரப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. தாழ்ந்த வாசலில் தலையைக் குனிந்து உள்ளே போகிற மாதிரி போ என்று சொல்லி அவள் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தக் குனிதலைப் பழக்கியிருக்கிறாள். ஒருத்தர் உட்கார்ந்து சொல்லித்தராமல் எந்தக் கட்டைவிரலும் தானாகக் குனியாது. அப்பளம் கருகியது. "கருகுத வாசம் வருதே ஹெப்சி," என்றார் அவர், கையை மடக்காமலே. தன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அதுதான் மோசம். தன்னை அறியாமல் வருகிற அளவுக்கு வந்திருந்தது. மாதக்கணக்கில் உட்காராமல் அப்படி வராது.

"மிஸ், நிறுத்தவா?" என்றாள், நான்கு மணி வகுப்புக்கு வந்திருந்த தாரணிகா. நாலாம் வகுப்பு, இரட்டைச் சடை, சுழல் ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். "ஏன் நிறுத்துன?" "நீங்க தலையாட்டவே இல்ல. எப்பவும் ஆட்டுவீங்க." ஹெப்சிபா தலையை ஆட்டினாள். ஸ்கேல் என்கிற ஸ்வர வரிசை மறுபடி ஏறத் தொடங்கியது, மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த ஒரு பியானோக் கட்டையில் வழக்கம்போலத் தடுக்கி. பியானோவுக்குள்ளே போட்டிருந்த நாப்தலின் உருண்டையின் வாசம், பிள்ளையின் தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம், எங்கோ இன்னும் அப்பளம் கருகுகிற வாசம். சுண்டுவிரல் நகம், என்று அவளுக்குத் திடீரென்று நினைவு வந்தது. காலேஜ் காலத்திலிருந்து அவர் வலது சுண்டுவிரலில் ஒரு நகத்தை நீளமாக வளர்த்துவந்தார், எதற்கென்று அவருக்கும் தெரியாது, அந்தக் காலத்து ஆண்பிள்ளைகள் வளர்த்தார்கள், அவரும் வளர்த்தார். கல்யாணமான புதிதில் அவள் அழுது பார்த்தாள், கத்தரியோடு துரத்திப் பார்த்தாள், அவர் மசியவில்லை. மழைக்கு முன்னால் ஒருநாள் அந்த நகம் இல்லை. "என்னாச்சு?" "ஒடஞ்சு போச்சு." ஒடிந்துபோன நகம் இவ்வளவு ஒழுங்காக, மற்ற ஒன்பது நகங்களோடு சேர்ந்து ஒரே நாளில், சதையோடு ஒட்ட ஒடியுமா? அன்றைக்கு அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். நகம் நீளமாக இருந்தால் கட்டையில் டிக் டிக் என்று சத்தம் வரும், வெட்டிவிட்டு வா என்று முதல் வகுப்பிலேயே சொல்லி அனுப்புவார்கள். எவளோ சொல்லியிருக்கிறாள். தான் கத்தரியோடு துரத்தியும் வெட்டாத நகத்தை எவளோ ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னதும் வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

எவளோ என்று ஏன் நினைத்தாள்? எவனோவாகவும் இருக்கலாம். இங்கே ஹெப்சிபாவின் மனசில் ஒரு சின்னக் குழப்பம் நடந்தது. வேறு பெண் விவகாரமாகவே இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு ஊரில் ஏற்பாடு உண்டு. தங்கச்சிக்குப் போன் பண்ணலாம், சபை ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொல்லலாம், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேரைச் சொல்லாமல் ஜெப விண்ணப்பம் வைக்கலாம், பேரைச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். பியானோ டீச்சரின் புருஷன் ரகசியமாக வேறொரு பியானோ டீச்சரைத் தேடிப் போனான் என்று எந்தச் சங்கத்தில் போய் அழுவது? சிரிப்பார்கள். உனக்கு ஆச்சரியம் கொடுக்கத்தான் படிக்கிறாரா இருக்கும், கல்யாண நாளுக்கு வாசிச்சுக் காட்டுவாரு பாரு என்று சொல்வார்கள். அதெல்லாம் சினிமாவில் நடக்கும். அருமைநாயகத்துக்குக் கல்யாண நாள் நினைவிருந்ததில்லை. எண்கள் அவருக்கு மறக்காது, நாட்கள்தான் மறக்கும். மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்றவர். தப்பான ஒரு எண்ணைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால், வைக்க வந்தவரை உட்காரவைத்து, பேனா எடுத்துத் திருத்திக் கொடுத்துத்தான் அனுப்புவார்.

எப்படித் தேடியிருப்பார்? டீச்சர் தேடுகிறவர்கள் எப்படித் தேடுவார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். போன் மணி அடிக்கும்போதே தெரிந்துவிடும். முதலில் ஒரு இருமல். பிறகு, பியானோ கிளாஸ்தானே? கீபோர்டா, நெசப் பியானோவா? எத்தன மாசத்துல ஒரு பாட்டு வாசிக்கலாம்? லண்டன் பரீட்சைக்கு அனுப்புவீங்களா? வீட்டுக்கு வந்து சொல்லிக்குடுப்பீங்களா? பிள்ள கொஞ்சம் சேட்டை, அடிக்கலாம், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். எல்லாவற்றுக்கும் ஹெப்சிபாவிடம் பதில் தயாராக இருக்கும். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எப்போதும் ஒன்றுதான். சில பேர் குரலை இறக்கிக்கொண்டு, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்பார்கள்: பெரியவங்களுக்கு எடுப்பீங்களா மேடம்? "எடுக்கறதில்ல," என்பாள் அவள். "பெரியவங்களுக்கு விரல் வளையாதுங்க." பிறகு போனை வைத்துவிட்டு, பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து, "விரலாவது வளையும். வெக்கம் வளையாது," என்று சொல்லிச் சிரிப்பாள். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் எப்போதும் அருமைநாயகம்தான். இந்த ஸ்டூலைப் பெரியவர் ஒருத்தர் உட்காருகிற உயரத்துக்குச் சுற்றிச் சுற்றி இறக்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு உயரத்தில்தான் இருக்க வேண்டும். தாரணிகா இறங்கினால் அடுத்து வரும் குட்டி ரூத்துக்கு அரைச் சுற்று ஏற்றினால் போதும். இப்போது அந்த இருமலை அவள் அவர் குரலில் கேட்டாள். மொட்டை மாடி. கொஞ்ச நாளாக யாரிடமோ பேசுவதற்கு அவர் மொட்டை மாடிக்குப் போகிறார், தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு. துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே குனிந்து நின்று, குரலை இறக்கி, பெரியவங்களுக்கு எடுப்பீங்களா மேடம்? அந்தக் கேள்வியின் முடிவில், எடுக்கறதில்ல என்ற பதிலுக்காகக் காத்திருந்திருப்பார். இத்தனை வருஷமாக அந்த ஒரு பதிலைத்தானே அவர் கேட்டிருக்கிறார்.

ஒருநாள் அவளிடமே கேட்டார். அது மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஒரு நல்ல கதையாக அவள் அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான முதல் வருஷம். அப்போதுதான் அப்பா வீட்டிலிருந்து பியானோ லாரியில் வந்து இறங்கியிருந்தது, கூடவே அப்பாவின் சட்டமும்: வாசித்து முடித்ததும் மூடியைப் பூட்டிவிட வேண்டும், எலிக்கும் உறவுக்காரர்களுக்கும் பியானோவின் அருமை தெரியாது. ஒரு சாயங்காலம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அருமைநாயகம் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடேன் ஹெப்சி என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஒண்ணாம் விரல இங்க வைங்க." சி கட்டையைக் காட்டினாள். அவர் மிகவும் யோசித்து, நீள நகத்தோடு சுண்டுவிரலை வைத்தார். "இப்ப ரெண்டு. வலப்பக்கம்." வலப்பக்கம் போவதற்கு அவருக்கு விரல் இல்லை. கை காற்றில் தொங்கியது. ஆனாலும் அவர் விடவில்லை. சொன்னதைச் செய்கிற மனுஷன், மோதிரவிரலைச் சுண்டுவிரலுக்கு மேலே தூக்கிப் போட்டு, நண்டு மாதிரி கையை முறுக்கி, ரெண்டு என்றார். அவள் சிரித்தாள். உட்கார்ந்து சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்றுதான் கதையில் வரும். அவர் சிரித்தாரா? கதையைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்த முகம் ஒன்று அவளிடம் இருக்கிறது; அது எந்த வருஷத்து முகம் என்று இப்போது சொல்ல முடியவில்லை. எழுந்து போய் முகம் கழுவினார். அதற்குப் பிறகு அந்த ஸ்டூலில் உட்காரவில்லை. பவுடர் டப்பாவுக்குள் இருக்கும் சாவியை ஒருநாளும் கேட்டதில்லை. அதனால்தான் சாப்பாட்டு மேஜை.

"தாரணி, மூணுக்கப்புறம் ஒண்ணு. கட்டவிரல் குனிஞ்சு போணும்."

"குனியுதே மிஸ்."

"எங்க குனியுது? முழங்கைதான் பறக்குது. கோழி மாதிரி."

"அங்கிளுக்கும்தான் பறக்குது," என்றாள் தாரணிகா, கட்டையைப் பார்த்துக்கொண்டே. "அவங்கள யாரும் கோழின்னு சொல்லல."

ஒட்டிக்கொள்ளும் கட்டை கீழேயே நின்றது. அதை மேலே தூக்கிவிட வேண்டும் என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது, கை நகரவில்லை. "எந்த அங்கிளுக்கு?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. பிள்ளை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்னு சொல்லிருக்கேன் மிஸ்."

"யார்ட்ட சொல்லிருக்க?"

"அங்கிள்ட்ட."

"எந்த அங்கிள்ட்ட?"

"அதத்தான மிஸ் சொல்ல மாட்டேன்னு சொல்லிருக்கேன்." பிறகு, டீச்சருக்கு இதுகூடப் புரியவில்லையே என்ற இரக்கத்தில், "அவங்களும் சொல்ல மாட்டேன்னு சொல்லிருக்காங்க. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு," என்றாள்.

"அவங்க எதச் சொல்ல மாட்டாங்க?"

"நான் அங்க வந்தத."

"எங்க?"

"பெனிட்டா மிஸ் வீட்டுக்கு." சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும் மிச்சத்தையும் சொல்லிவிடுவதுதான் லாபம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "போன வாரம் இங்க கிளாஸ் முடிஞ்சதும் நேரா போனோம் மிஸ். அம்மா சும்மா பாக்கத்தான் போறோம்னு சொன்னாங்க. ஏசி போட்டிருக்காங்க. நான் ஸ்கேல் மட்டும்தான் வாசிச்சேன் மிஸ். பாட்டு வாசிக்கவே இல்ல."

ஸ்கேல் மட்டும்தான். பாட்டு வாசிக்கவில்லை. எல்லாத் துரோகத்திலும் இப்படி ஒரு எல்லைக்கோடு இருக்கும் போலிருக்கிறது, அதைத் தாண்டவில்லை என்று சொல்லிக்கொள்வதற்காக. "நல்லா வாசிச்சியா?" என்று கேட்டாள். "ம். பெனிட்டா மிஸ் நல்ல பழக்கம்னு சொன்னாங்க. யாரு சொல்லிக்குடுத்தான்னு கேக்கல." "அங்கிள்?" "அங்கிள் ஹெட்ஃபோன் மாட்டிட்டு வாசிச்சாங்க. வெளிய பாட்டே கேக்காது மிஸ். டொக் டொக்குன்னு கட்ட சத்தம் மட்டும்தான் கேக்கும். கோழி கொத்துத மாதிரி." பிள்ளை சிரித்தாள். ஹெப்சிபா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "வாசி," என்றாள் ஹெப்சிபா. "மேல ரெண்டு ஆக்டேவ் போய்ட்டு இறங்கு. நான் கேக்குதேன்." கேட்கவில்லை. ஸ்கேல் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, அவள் மனசால் பெருமாள்புரத்தில், பெனிட்டாவின் வீட்டில் இருந்தாள்.

பெனிட்டா. ஏழு வயதில், ஒரு பல் விழுந்த வாயோடு அந்த ஸ்டூலில் ஏறியவள். பத்து வருஷம் இங்கேதான் உட்கார்ந்தாள். அந்தக் கைகளைப் பிடித்து வளைத்தவள் ஹெப்சிபா. பெருமாள்புரத்தில் அவள் தனியாக வகுப்பு தொடங்கியபோது ஜெபம் பண்ணக் கூப்பிட்டாள். ஹெப்சிபா போய் ஜெபம் பண்ணினாள், தாளம் தட்டுகிற அப்பாவின் பழைய மெட்ரோனோமைக் கொடுத்துவிட்டு வந்தாள்; வரும் வழியில் ஆட்டோவில் கொஞ்சம் அழுதாள், பெருமையில் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் அங்கே போவது தெரியும். போகட்டும். ஏசி, டிஜிட்டல் பியானோ, அம்மாக்கள் உட்கார சோபா. தாரணிகாவின் அம்மா போனதில்கூட அதிசயம் இல்லை, ஊர் மாறினால் பள்ளிக்கூடம் மாற்றுவதுபோலத்தான். அதுவல்ல. போன வாரம். போன வாரம் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில்தானே கேட்டாள். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குத் தாரணிய முதல்ல வாசிக்கவிடலாமா, கடைசிலயா அத்தான்? அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார். யோசித்தார்! "கடைசில விடு," என்றார். "கடைசில வந்தா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்." அந்தப் பிள்ளை கடைசியிலும் வரப்போவதில்லை, முதலிலும் வரப்போவதில்லை என்று அவருக்கு அப்போது தெரியும். அன்று சாயங்காலம்தான் இரண்டு பேரும் பெனிட்டாவின் வீட்டு வாசலில் நின்று, நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத என்று உடன்படிக்கை போட்டிருக்கிறார்கள். அறுபது தாண்டிய மனுஷனும் ஒன்பது வயதுப் பிள்ளையும். ஒரு வாரமாக அவள் அந்தப் பிள்ளைக்காகப் பாட்டு தேடினாள். பழைய பெட்டிகளைக் கிளறி, கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றை எடுத்து, விரல் எண்களைத் தன் கையால் பென்சிலில் எழுதினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தார். சீவிக் கொடுத்தார்! அந்தச் சீவல் சுருள் இன்னும் மேஜை இடுக்கில் கிடக்கும். இப்போது கோபம் ஒழுங்காக வந்தது, சூடாக, காது மடல் வரைக்கும். வந்ததில் அவளுக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது. சுண்டுவிரல் நகத்தை மன்னிக்கலாம், மொட்டை மாடியை மன்னிக்கலாம், பென்சிலை மன்னிக்க முடியாது. நடைப் பயிற்சிக்குப் போனவர் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் வாக்கியங்களை அடுக்கினாள். எல்லா வாக்கியங்களும் பெனிட்டாவில் போய் முடிந்தன. ஏன் பெனிட்டா? கோயிலில் ஆர்கன் வாசிக்கிற கிழவர் இருக்கிறார், பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார், திட்டித்தான் சொல்லிக்கொடுப்பார். வண்ணார்பேட்டையில் கீபோர்டு விற்கிற கடை மாடியில் வகுப்பு நடக்கிறது. போனிலேயே படிக்கலாம், ஊரே அப்படித்தான் படிக்கிறது. பஸ் பிடித்துப் பெருமாள்புரம் போய், தன் பெண்டாட்டியின் மாணவியிடம் ஏன் போக வேண்டும்? அவமானப்படுத்தவா? அவமானப்படுத்தத் தெரிந்த மனுஷனா அவர்?

இந்த இடத்தில்தான் அந்த நல்ல கதை இடறியது. பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள் என்று முப்பது வருஷமாகச் சொல்லிவந்தாள். எல்லோரும் இல்லை. வரிசையின் ஓரத்தில் ஒன்று சிரிக்கவில்லை. பல் விழுந்த வாயை மூடிக்கொண்டு அது எழுந்தது, ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்றது, அவருடைய பெரிய கையைத் திருப்பி, கட்டைவிரலைத் தன் கை முழுக்கப் பிடித்து ஆட்டி, "அங்கிள், இவருதான் ஒண்ணு," என்றது. இவருக்குத்தான் முதல் மரியாதை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும், அது பாடம். ஆனால் அதற்குள் அவர் எழுந்துவிட்டார், முகம் கழுவப் போய்விட்டார். கதையில் இந்தப் பகுதி வராது. வந்தால் சிரிப்பு கெட்டுவிடும் என்று ஹெப்சிபா எடுத்துவிட்டிருக்கிறாள். எடுத்துவிட்டதுகூட இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் வேறு டீச்சரைத் தேடவே இல்லை. மொட்டை மாடியில் குரலை இறக்கி, இருமி, ஒரே ஒரு நம்பருக்குத்தான் போன் செய்திருப்பார். இது புரிந்ததும் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது, ஒட்டிக்கொண்ட கட்டை மாதிரி. அவளை ஏமாற்றியதற்கு அவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றாகப் பட்டது.

வெளியே ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. தாரணிகாவின் அம்மா உள்ளே வருவதில்லை, வெயில் என்பாள், இன்று வெயில் இல்லை, ஆனாலும் வரவில்லை. தாரணிகா புத்தகத்தைப் பையில் திணித்தாள். அந்தப் பாட்டுத் தாள்களை, பென்சில் எண்களோடு, ஹெப்சிபா மடித்துப் பையின் முன்ஜிப்பில் வைத்தாள். "இது எதுக்கு மிஸ்? அடுத்த வாரம்தான இது?" "வச்சுக்கோ. எங்கயாவது வாசி." பிள்ளை ஒரு நிமிஷம் நின்று, ஹெப்சிபாவின் கட்டைவிரலைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு ஓடினாள். கேட் பக்கம் செருப்புச் சத்தம் இரண்டாகக் கேட்டது; நடைப் பயிற்சிக்குப் போன அருமைநாயகம் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஜன்னல் கம்பி வழியாகத் தாரணிகாவின் குரல் தெளிவாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது: "அங்கிள், நான் ஒண்ணுமே சொல்லல!" ஸ்கூட்டர் கிளம்பியது. கேட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யாரும் நடக்கவில்லை.

ஹெப்சிபா மூடியை இறக்கிப் பூட்டினாள். சாவியைப் பவுடர் டப்பாவில் போட்டாள். குட்டி ரூத்துக்கு இன்று காய்ச்சல், வகுப்பு இல்லை. அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். அவர் வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். நடந்து வந்தவருக்கு வியர்க்கவில்லை. "மழை வரும் போலருக்கு," என்றார். அவள் டீத்தூளைப் போட்டாள். "அந்தப் பிள்ள எதையோ கத்திட்டுப் போகுது," என்றார். அவள் பாலை ஊற்றினாள். அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் நாக்குக்குப் பின்னால் வரிசையாக நின்றன. முதல் வாக்கியம், பென்சிலைப் பற்றியது, வாய்க்கு வருகிற நேரத்தில் மேஜையில் அந்தச் சத்தம் தொடங்கியது. பயத்தில் கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது போலும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, குனிந்து கட்டைவிரல், மறுபடி ஆள்காட்டி, நடு, மோதிரவிரல், மறுபடி குனிந்து. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, முப்பது வருஷப் பழக்கத்தில், யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்றே யோசிக்காமல் சொன்னாள்:

"மூணுக்கப்புறம்தான் கட்டவிரல் குனியணும். நாலுக்கு இல்ல."

மேஜைச் சத்தம் நின்றது. அவர் தன் கையை, யாரோ மேஜையில் வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தப்பான ஒரு எண் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது, அருமைநாயகத்தால் அதை அப்படியே விட முடியவில்லை.

"மொதத் தடவ மூணு," என்றார் மெதுவாக. "ரெண்டாந் தடவ நாலு. இல்லன்னா மேல போகப் போக விரல் பத்தாது ஹெப்சி." பிறகு இன்னும் மெதுவாக, "பெனிட்டா அப்படித்தான் சொல்லிக்குடுத்தா," என்றார்.

அது சரி. மூன்று, நான்கு, மூன்று, நான்கு. அப்படித்தான் ஏற வேண்டும். பெனிட்டாவுக்கு அதை அந்த ஸ்டூலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். பியானோ விஷயத்தில் அவள் தப்பாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் துணியால் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள், இரண்டு தம்ளரிலும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள். அவர் தம்ளரைத் தொடவில்லை. கைகளை மேஜைக்குக் கீழே இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"சிரிக்கலையா?" என்றார்.

"டீ ஆறுது," என்றாள் ஹெப்சிபா.

அடுத்த சனிக்கிழமை தாரணிகா வரவில்லை. காய்ச்சல் விட்டு வந்த குட்டி ரூத் வழக்கம்போல ஓடிவந்து ஸ்டூலில் ஏறினாள். கட்டைகள் அவள் மோவாய்க்கு நேராக இருந்தன. அரைச் சுற்று போதவில்லை, நாலு சுற்று ஏற்ற வேண்டியிருந்தது.